நடத்தைப் பகுப்பாய்வின் மூலச் சொற்களும் மட்டக்களப்பு வாவிப் பிரதேசமும்: ஒரு வரலாற்று நோக்கு

1

ஆசிரியப் பயிற்சி வகுப்புகளிலும் பல்கலைக்கழகக் கல்வியியல் விரிவுரைகளிலும் தமிழில் வழங்கும் உளவியற் குறிப்புகளைப் புரட்டுவோர் தூண்டல், துலங்கல், நிபந்தனைப்படுத்தல், மீளவலியுறுத்தல், தண்டனை முதலிய சொற்களைத் தவறாது எதிர்கொள்வர். இவை பெரும்பாலும் வரைவிலக்கணங்களாக மனனஞ் செய்யப்பட்டுப் பரீட்சைத் தாளில் இறக்கிவைக்கப்பட்டுப் பின்னர் மறக்கப்படுவன. ஆயினும் இச்சொற்களின் ஆட்சி பரீட்சை மண்டபத்துடன் முடிந்துவிடுவதில்லை. வகுப்பறை ஒழுங்கு, விசேட தேவையுடைய பிள்ளைகளுக்கான பயிற்சி, கிராம அபிவிருத்திச் செயற்றிட்டங்கள் ஆகியவற்றிலும் இவற்றின் செல்வாக்கு உண்டு. ஒரு பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வருவதில்லை, ஒரு தொழிலாளி ஏன் கடனிலிருந்து மீள்வதில்லை என்பன போன்ற வினாக்களுக்கு விடையிறுக்கும் அதிகாரம் இச்சொற்களுக்கு வழங்கப்பட்டுள்ளது. அதிகாரம் பெற்ற சொற்களின் வரலாற்றைத் தேடுவது சொல்லாராய்ச்சியில் ஈடுபடுவோரின் கடமைகளுள் ஒன்றாகும்.

இக்கட்டுரை பிரயோக நடத்தைப் பகுப்பாய்வு எனப்படும் துறையின் மூலக் கருத்துக்களை அவை தோன்றிய சூழலில் வைத்து விளக்க முயல்கிறது. அதன்பின், அக்கருத்துக்கள் குறிக்கும் நடைமுறைகள் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் எவ்வெவ் வடிவங்களில் இருந்துவந்துள்ளன என்பதை நோக்குகிறது. துறையின் பெயர் புதியதாயினும் துறை குறிக்கும் நடைமுறைகள் புதியனவல்ல. வெகுமதியும் கண்டனமும், கொடுத்தலும் நிறுத்திவைத்தலும், மனிதர் மனிதரை ஆளத் தொடங்கிய காலந்தொட்டு இருந்துவருவன. எமது நோக்கிற் கவனத்திற்குரிய வினா ஒன்றே: வெகுமதிக்கு வலிமையைத் தருவது யாது?

2

நவீன நடத்தையியலின் கலைச்சொற்களுட் காலத்தால் முந்தியது ருசிய உடற்றொழிலியலறிஞர் இவான் பாவ்லோவிடமிருந்து வந்தது. உணவைக் கண்டு உமிழ்நீர் சுரக்கும் நாய், உணவுக்கு முன்னறிகுறியாக வரும் ஒலிக்கும் உமிழ்நீர் சுரக்கப் பழகிக்கொள்வதை அவர் ஆராய்ந்தார். அப்பழக்கம் சில நிபந்தனைகளைச் சார்ந்தே நிலைக்கிறது என்ற பொருளில் அவர் கையாண்ட ருசியச் சொல், 1927இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே உலகெங்கும் பரவியபொழுது, பழக்கப்படுத்தப்பட்டது என்ற பொருளை ஏற்றுக்கொண்டது. சார்புநிலையைக் குறித்த சொல் முடிந்துபோன செயலொன்றைக் குறிக்கும் சொல்லாயிற்று. இலங்கைத் தமிழில் நிலைபெற்ற நிபந்தனை என்ற சொல் இவ்வகையில் ஆங்கிலத்தைவிட ருசிய மூலத்துக்கே அண்மையில் நிற்பது சுவையானதொரு செய்தி. நிபந்தனை எனும்போதே அதனை விதிப்பவர் யார் என்ற வினாவும் உடன்வருகிறது. இவ்வினா பின்னர் எமக்குத் துணைபுரியும்.

ஐக்கிய அமெரிக்காவில் எட்வேட் தோண்டைக் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பூனைகளைக் கொண்டு செய்த பரிசோதனைகளிலிருந்து, திருப்தி தரும் விளைவைப் பெற்ற செயல் மீண்டும் நிகழும் என்ற விளைவு விதியை வகுத்தார். ஜோன் வாற்சன் 1913இல் வெளியிட்ட கட்டுரை, உளவியல் அகநோக்கினைக் கைவிட்டுப் புலப்படும் நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என அறைகூவியது. இவ்விரு ஓடைகளையும் ஒருங்கிணைத்துத் தனியொரு முறைமையாக வளர்த்தவர் பி. எப். ஸ்கின்னர் (1904-1990). 1938இல் வெளியான அவரது முதல் நூல், தூண்டலாற் பிடித்திழுக்கப்படும் செயலையும் தன் விளைவாற் பேணப்படும் செயலையும் வேறுபடுத்தியது. பின்னது செயற்பாட்டு நடத்தை எனப்படும். நெம்புகோலை அழுத்தும் எலியும் ஒளிவில்லையைக் கொத்தும் புறாவும் இதற்கு உதாரணங்கள்.

1968இல் பிரயோக நடத்தைப் பகுப்பாய்வுக்கெனத் தனி ஆய்விதழ் தொடங்கப்பெற்றது. அதன் முதலிதழிற் கன்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெயர், வுல்ப், றிஸ்லி ஆகிய மூவரும் இத்துறையின் இயல்புகளை ஏழாக வரையறுத்தனர். ஆராயப்படும் நடத்தை சமூக முக்கியத்துவம் உடையதாதல் வேண்டும்; அளக்கத்தக்கதாதல் வேண்டும்; மாற்றத்துக்குக் காரணம் இன்னது என நிறுவப்படல் வேண்டும்; முறைகள் பிறர் பின்பற்றத்தக்கவாறு விவரிக்கப்படல் வேண்டும்; அவை அடிப்படைக் கோட்பாடுகளோடு இயைதல் வேண்டும்; பயன் குறிப்பிடத்தக்க அளவினதாதல் வேண்டும்; அப்பயன் வேறு இடங்களிலும் காலங்களிலும் நிலைத்தல் வேண்டும். இவற்றுள் முதலாவதே எமது விசாரணைக்குத் தொடக்கம். சமூக முக்கியத்துவம் என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஆசிரியரா, பெற்றோரா, நிதி வழங்கும் நிறுவனமா, அன்றி நடத்தைக்கு உரியவரா?

3

துறையின் மையத்தில் முக்கூற்று உறவொன்று உள்ளது. முன்னிகழ்வு, நடத்தை, பின்விளைவு என்பன அக்கூறுகள். வாவியில் வீச்சுவலை வீசும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நீர்ப்பரப்பில் மீன் துள்ளுதல் முன்னிகழ்வு. வலையை வீசுதல் நடத்தை. மீன் அகப்படுதல் பின்விளைவு. மீன் அகப்பட்டதனால் அதே இடத்தில் அதேவகையான சலனத்தைக் கண்டு மறுபடியும் வலை வீசப்படுமாயின், அப்பின்விளைவு மீளவலியுறுத்தியாகச் செயற்பட்டது என்பர். தமிழகத்தில் இதனை வலுவூட்டல் என வழங்குவர். ஒன்று இனியது என்பதால் அது மீளவலியுறுத்தி ஆகிவிடாது. நடத்தையின் நிகழ்வு அதன் பின்னர் மிகுந்ததா என்பதே அளவுகோல்.

இவ்விடத்தில் எமது மாணவர் பெரிதும் இடறும் சொல்லொன்று உண்டு. எதிர்மறை மீளவலியுறுத்தல் என்பதைத் தண்டனை எனப் பொருள்கொள்வோர் பலர். மூலத்தில் நேர், எதிர் என்பன நன்மை தீமைகளைக் குறிப்பனவல்ல; கூட்டலையும் கழித்தலையும் குறிப்பன. ஒன்றைக் கூட்டியதனால் நடத்தை மிகுந்தால் அது நேர் மீளவலியுறுத்தல். துன்பந்தரும் ஒன்றை நீக்கியதனால் நடத்தை மிகுந்தால் அது எதிர்மறை மீளவலியுறுத்தல். மழை வரும்போது குடை விரிப்பது பின்னதற்கு எளிய உதாரணம். தண்டனை இவ்விரண்டுக்கும் மாறாக நடத்தையைக் குறைப்பது. அதுவும் ஒன்றைச் சேர்ப்பதாலோ ஒன்றைப் பறிப்பதாலோ நிகழலாம். கூட்டி வலுவூட்டல், நீக்கி வலுவூட்டல் எனச் சொற்களை அமைத்திருப்பின் இம்மயக்கம் பெருமளவு தவிர்க்கப்பட்டிருக்கும்.

தமிழிற் கலைச்சொல்லாக்கம் ஓர் இயக்கமாக வளர்ந்த வரலாற்றில் வாவிப் பிரதேசத்துக்கும் பங்குண்டு. காரைதீவிற் பிறந்து, 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிய விபுலானந்த அடிகள், 1936இற் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இலங்கையில் 1950களிலும் 1960களிலும் தாய்மொழிக் கல்வி பல்கலைக்கழகம்வரை விரிந்தபோது அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. இம்முயற்சிகள் இல்லையெனின் உழவர், மீனவர் பிள்ளைகள் உயர்கல்வியின் வாயிலை அணுகியிருக்கமாட்டார்கள். இதனை மறத்தல் நன்றிகேடாகும். எனினும் சொற்றொகுதி ஒரு சொல்லுக்கு மறுசொல்லைத் தருமேயன்றி அச்சொல் எந்தப் போராட்டத்திடையே பிறந்தது என்பதைத் தராது. அதனைத் தருவது வரலாற்றாசிரியரின் பணி.

வேறு சில சொற்களையும் சுருக்கமாக நோக்குவோம். முன்பு பலன் தந்துவந்த செயல் பலன் தராது போகுமாயின் அது படிப்படியாகக் குன்றும். இது தேய்வு எனத் தகும். தேயத் தொடங்குமுன் அச்செயல் சிறிது காலம் முன்னிலும் வேகமாக வெளிப்படுதலும் உண்டு. விரும்பிய செயலை அண்மிக்கும் ஒவ்வொரு படியையும் வலியுறுத்தி இறுதி வடிவத்தை எய்துவித்தல் உருவமைத்தல் ஆகும். எத்தனை செயலுக்கு அல்லது எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பலன் கிட்டும் என்ற ஒழுங்கு வலியுறுத்தல் அட்டவணை எனப்படும். பெர்ஸ்ரரும் ஸ்கின்னரும் 1957இல் இதுபற்றிப் பெருநூலொன்றை வெளியிட்டனர். குறித்த எண்ணிக்கைக்கு ஒருமுறை பலன் தரும் ஒழுங்கு துண்டுக்கூலி வேலையை ஒத்தது. எப்போது கிட்டும் என அறியவொண்ணாத ஒழுங்கிற் செயல் மிக நீண்டகாலம் தேயாது நிற்கும். சூதாட்டத்தின் பிடி இத்தகையது. பல வீச்சுக்கள் வெறுமையாய்த் திரும்பியும் வலையைக் கைவிடாத மீனவரின் விடாமுயற்சியையும் இக்கோட்பாடு இவ்வாறே விளக்கும். அவ்விளக்கம் தவறன்று, அரைவாசி மட்டுமே. அவர் வீட்டு உலைமூடியின் கீழ் யாது இருந்தது என்பதை அது கேட்கவில்லை.

4

இச்சொற்கள் அமெரிக்க ஆய்வுகூடங்களிற் பிறந்தனவாயினும், அவை குறிக்கும் பள்ளிக்கூட நடைமுறைகளின் தடம் தமிழ்நிலத்தின் மணலினூடாகவும் செல்கிறது. 1789இற் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்பினை ஏற்ற அன்றூ பெல் என்னும் ஸ்கொத்லாந்துக் குருவானவர், உள்ளூர்ப் பள்ளிக்கூடமொன்றிற் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையினைத் தமது விடுதியில் ஒழுங்குபடுத்தி, தாயகம் மீண்டபின் 1797இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். திண்ணைப் பள்ளியின் நடைமுறை சென்னை முறை என்ற பெயருடன் இங்கிலாந்தின் வறிய பிள்ளைகளுக்கு உரியதாயிற்று.

அதே காலத்தில் இலண்டனில் ஜோசப் லங்காஸ்ரர் ஒத்த முறையொன்றைப் பரப்பினார். நன்கு படித்த பிள்ளைகளுக்குச் சீட்டுகள் வழங்கப்பட்டன. சேர்த்த சீட்டுகளைக் கொடுத்து விளையாட்டுப் பொருள்களைப் பெறலாம். பிரம்படியை வெறுத்த லங்காஸ்ரர், குற்றஞ் செய்த பிள்ளையின் கழுத்தில் மரக்கட்டையைத் தொங்கவிடவும், கூடையில் இருத்தி முகட்டிற்கு உயர்த்தவும் தயங்கவில்லை. பிற்கால நடத்தையியலாளர் வில்லைப் பொருளாதாரம் எனப் பெயரிட்ட முறைக்கு முன்னோடியாக இச்சீட்டு முறையை வரலாற்றாய்வாளர் சுட்டுவர். தொழிற்புரட்சியின் நகரங்களிற் குறைந்த செலவிற் பெருந்தொகைப் பிள்ளைகளை ஒழுங்குக்குள் கொண்டுவர வேண்டிய தேவையே இம்முறைகளை வளர்த்தது. ஆலையின் மணியோசைக்கு எழுந்து அமரும் உடல்கள் முதலிற் பள்ளிக்கூட வாங்கிலேயே பயிற்றப்பட்டன.

இம்முறைகளின் புகழ் ஓங்கியிருந்த காலத்திலேயே, 1814 யூன் 29இல், வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிமார் காலியில் வந்திறங்கினர். அவர்களுள் வில்லியம் ஓல்ற் மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்டார். 1815 ஏப்பிரலில் அவர் இங்கேயே காலமாயினும், அவர் தொடங்கிய கல்விப்பணியிலிருந்தே மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் ஆண்டுக்கணக்கைத் தொடங்குகிறது. மிஷனரிக் கல்வி எழுத்தறிவையும் அச்சுநூலையும் கொணர்ந்தது. சாதியாற் கல்வி மறுக்கப்பட்ட சிலருக்கேனும் கதவைத் திறந்தது. அதேவேளை மதமாற்றமும் குடியேற்ற அரசின் எழுதுவினைஞர் பதவியும் அக்கல்வியின் பின்விளைவுகளாக முன்வைக்கப்பட்டன. கற்றல் தனக்காக நிகழ்ந்ததா பதவிக்காக நிகழ்ந்ததா என்ற இன்றைய வினா அன்றே வித்திடப்பட்டது.

1869இற் பொதுப்போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதன்பின் நன்கொடை முறை விரிவுற்றது. மாணவர் வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றிற் பெறும் சித்தியைக் கொண்டு பள்ளிக்கூடத்துக்கான பணம் கணிக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1862இன் சட்டக்கோவை புகுத்திய பெறுபேற்றுக் கொடுப்பனவு முறையின் இலங்கை வடிவம் இது. நடத்தைப் பகுப்பாய்வின் மொழியிற் கூறின், ஆசிரியரின் உழைப்பு மாணவரின் சித்தி என்னும் ஒற்றை அளவுடன் பிணைக்கப்பட்டது. அளக்கப்பட்டது பெருகியது, அளக்கப்படாதது தேய்ந்தது. சித்தியடையக்கூடிய பிள்ளையே வருவாய் தரும் பிள்ளை என்ற தர்க்கம் இம்முறையினுள் உறைந்திருந்தது. பயிர்ச்செய்கைக் காலத்திற் பெற்றோருடன் வயலுக்குச் செல்லும் பிள்ளை இத்தர்க்கத்தின்முன் பயனற்ற பிள்ளையாகிறது.

5

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கரையோரத்தை ஒட்டிக் கிடக்கிறது. அதற்குக் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. மேற்கே விரியும் வயல்நிலம் படுவான்கரை. பள்ளிக்கூடங்களும் காரியாலயங்களும் கடைத்தெருக்களும் எழுவான்கரையிற் செறிந்தன. நெல்லை விளைவித்த படுவான்கரை நெடுங்காலம் பாதையின்றி, துறையும் தோணியுமாக இருந்தது. இப்பிரிவு புவியியல் தந்த பிரிவு மட்டுமன்று. உபரி எங்கு விளைகிறது, எங்கு செலவாகிறது என்பதைக் காட்டும் பொருளாதாரக் கோடு.

இப்பிரதேசத்தின் நெல்வயற் பொருளாதாரத்தின் உச்சியிற் போடியார் இருந்தார். அவருடைய வயலில் வேளாண்மையை முன்னின்று நடத்தியவர் முல்லைக்காரர். விதைநெல்லும் வீட்டுச் செலவுக்கான நெல்லும் போடியாரிடமிருந்து முன்னீடாக வரும். சூடடித்தபின் களத்திலேயே கணக்கு முடிக்கப்படும். அறுவடைக்கு முந்திய மாரி மாதங்களில், வெள்ளம் சூழ்ந்து வேறு தொழிலும் அருகிய வேளையில், போடியாரின் பட்டறை நெல்லே குடும்பத்தின் உயிர்நாடி. இவ்வுறவில் வன்முறை எப்போதும் வெளிப்படையாக இருந்ததென்பதில்லை. குடிவழி உறவும் கோயிற் கடமையும் நன்மை தீமைகளிற் பங்குகொள்ளும் பண்பும் அதனைப் போர்த்தியிருந்தன. ஆயினும் அடுத்த போகத்துக்கும் அதே வயலில் இறங்கும் முல்லைக்காரரை அங்கு நிறுத்தியது நெல்லின் பங்கு என்பதைவிட நிலுவையின் பாரம் என்பதே பொருந்தும். உழைப்பினாற் கடன் சிறிது நீங்குகிறது. நீங்குதல் உழைப்பை மீண்டும் தூண்டுகிறது. எதிர்மறை மீளவலியுறுத்தலுக்கு இதனினும் தெளிந்த உதாரணம் தேட வேண்டியதில்லை.

இவ்விடத்திலேயே, பாடக்குறிப்புகள் பெரும்பாலும் விட்டுவிடும் கருத்தொன்றை முன்னிறுத்த வேண்டியுள்ளது. ஆய்வுகூடத்திற் புறா தானியத்துக்காக ஒளிவில்லையைக் கொத்துவதற்கு முன்னர் ஒரு காரியம் செய்யப்படுகிறது. அதன் உணவு குறைக்கப்பட்டு, தாராளமாக உண்ணும்போது இருந்த எடையின் 80 சதவீதமளவுக்கு அதன் எடை இறக்கப்படுகிறது. வயிறு நிறைந்த புறாவுக்குத் தானியம் மீளவலியுறுத்தி ஆகாது. வெகுமதியின் வலிமையை ஏற்றியிறக்கும் இத்தகைய முன்நிலைமைகளை 1980களில் ஜக் மைக்கல் என்பவர் தனிக் கருத்தாக வளர்த்தெடுத்தார். ஆய்வுகூட மொழியில் இது இழப்புநிலை. எளிய தமிழில் இல்லாமை.

விஞ்ஞானி இவ்வில்லாமையைத் தாமே உண்டாக்கினார். அதன் அளவையும் தம் அறிக்கையிற் குறித்தார். இவ்வகையில் அவர் நேர்மையானவர். சமுதாயத்தில் இல்லாமையை உண்டாக்குவோர் அதனை அறிக்கையிற் குறிப்பதில்லை. அது விதியென்றும் பிறப்பென்றும் மாரியின் கொடுமையென்றும் கூறப்பட்டுவந்தது. போடியாரின் முன்னீட்டு நெல்லுக்கு வலிமை தந்தது முல்லைக்காரரின் நிலமின்மை. நிலமின்மை இயற்கையன்று, அது வரலாறு. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையைக் கட்டுப்படுத்தவும் பயிர்செய்வோரின் உரிமையைக் காக்கவும் முற்பட்டது இந்த இல்லாமையின் வேரில் கைவைக்கும் முயற்சியாகும். அது முழுமையாக நிறைவேறாமையும் அதே வரலாற்றின் பகுதியே.

வில்லைப் பொருளாதாரமும் இந்நோக்கில் ஆராயத்தக்கது. 19ஆம் நூற்றாண்டு இலங்கையிற் கோப்பிப் பயிர்ச்செய்கையுடன் தொடர்புடைய கம்பனிகள் தொழிலாளருக்கு உலோக வில்லைகளை வழங்கியிருந்தன. அவை இன்று நாணயச் சேகரிப்போரின் பேழைகளில் உள்ளன. ஏறத்தாழ நூற்றாண்டின் பின், 1961 முதல், இலினோய் மாநில மனநோய் மருத்துவமனையொன்றில் அயிலோனும் அஸ்றினும் நோயாளர் செய்யும் வேலைகளுக்கு வில்லைகளை வழங்கும் ஒழுங்கினை அமைத்தனர். அதுபற்றிய அவர்களது நூல் 1968இல் வெளியாயிற்று. செயலற்றுக் கிடந்தோர் செயற்பட்டனர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சமையலறையிலும் சலவைக்கூடத்திலும் நடந்த அவ்வேலை சிகிச்சையா, கூலியற்ற உழைப்பா என்ற வினா எழாமலிருக்கவில்லை. 1972இல் அலபாமாவில் வையற் எதிர் ஸ்ரிக்னி எனும் வழக்கிற் கூட்டாட்சி நீதிமன்றம் இத்தகைய நிறுவனங்களுக்கான ஆகக்குறைந்த நியமங்களை வகுத்தது. மருத்துவமனைப் பராமரிப்புக்கான உழைப்பு நோயாளர் விரும்பிச் செய்வதாகவும் சட்டப்படியான ஊதியம் பெறுவதாகவும் இருத்தல் வேண்டும் என்றும், உணவும் படுக்கையும் தனிமையும் நோயாளரின் உரிமைகள் என்றும் அது கொண்டது. உரிமையாக இருப்பதை வெகுமதியாக விற்கமுடியாது என்பதே இத்தீர்ப்பின் சாரம். ஒன்று உரிமையாகும் கணத்தில் அதன் மீளவலியுறுத்தும் வலிமை, அதாவது அதனைக் கையில் வைத்திருப்போரின் வலிமை, மறைந்துவிடுகிறது.

6

வெகுமதி யாவும் ஆதிக்கத்தின் கருவி என்ற முடிவுக்கு இதனாற் பாய்ந்துவிடலாகாது. மட்டக்களப்பின் கூத்துக்களரி அதற்கு மறுதலையானதோர் அனுபவத்தைத் தருகிறது. உருவமைத்தல் என்னும் கருத்தினை ஸ்கின்னர் 1943இல் மினியாபொலிஸ் நகரின் மாவாலை ஒன்றின் மேல்மாடியிற் புறாவொன்றைப் பயிற்றும்போது கண்டுகொண்டதாக வரலாறு கூறும். படிப்படியாகப் பயிற்றி முழுமையை எய்துவிக்கும் கலையை வடமோடி, தென்மோடி அண்ணாவிமார் தலைமுறைகளாக அறிந்திருந்தனர். சட்டம் கொடுத்தலிற் கூத்தருக்கு அவரவர் பாத்திரத்துக்குரிய பாடல் கையளிக்கப்படும். பின்னர் தாளக்கட்டும் ஆட்டமும் பல இரவுகள் பழக்கப்படும். ஆட்டம் ஓரளவு கைவந்தபின் சதங்கை அணிதல், முழுக்கூத்தும் கோவைப்பட்டபின் அடுக்குப் பார்த்தல், இறுதியில் அரங்கேற்றம். ஒவ்வொரு படியும் முந்திய படியின் நிறைவை ஊரறிய ஏற்றுக்கொள்ளும் சடங்கு. நேற்றுப் போதுமானதாயிருந்த ஆட்டம் இன்று போதாது. அண்ணாவியாரின் எதிர்பார்ப்பு உயர்ந்துகொண்டே செல்லும்.

இங்கும் வலியுறுத்தல் உண்டு. ஆனால் அதனைக் கையில் வைத்திருப்பது ஊர். களரியைச் சுற்றியிருப்போர் கூத்தரின் உறவினரும் அயலவருமே. நாளை அவர்களுட் சிலர் களரியில் இறங்குவர். இன்றைய கூத்தர் பார்வையாளராவர். பயிற்றுவோருக்கும் பயில்வோருக்கும் இடையே நோக்கம் பொதுவானது. வயிற்றை வாட்டி எழுப்பிய ஆர்வமன்று அது. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு இக்கூத்துக்களை நவீன அரங்குக்கு ஏற்ப மேடையேற்றியபோது, கிராமத்தின் இப்பயிற்று மரபும் கற்றோர் கவனத்துக்கு வந்தது. ஆயினும் களரியை இலட்சியமயப்படுத்தல் தகாது. பெண்கள் களரிக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். பெண்பாத்திரங்களையும் ஆண்களே ஆடினர். சாதியொழுங்கும் களரியின் எல்லையை வரைந்தது. ஊரின் கையில் இருக்கும் வெகுமதியும் ஊரின் அதிகாரக் கட்டமைப்புக்கு அப்பாற்பட்டதன்று.

7

2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலை நாவலடி, திருச்செந்தூர், டச்பார் ஆகிய கரையோரக் குடியிருப்புகளை அழித்தது. முப்பதாண்டுக்கு அண்மித்த போர் 2009இல் முடிவுற்றது. இவ்விரு பேரழிவுகளின் பின்னர் உளசமூகம், நடத்தை மாற்றம், ஊக்குவிப்பு போன்ற சொற்கள் வாவிக்கரைக் கிராமங்களிலும் பழக்கமாயின. ஆற்றுப்படுத்துவோர் பலர் செய்த தொண்டு போற்றற்குரியது. ஆனால் வீடும் தொழிலும் உறவும் இழந்தோரின் நிலையை நடத்தைக் குறைபாடாக வாசிக்கும் அபாயமும் உடன்வந்தது. இழப்பு உண்டாக்கிய மௌனத்தை நீக்க வேண்டிய நடத்தையாகக் காண்பது, மௌனத்துக்குக் காரணமானவற்றைக் காணாதிருக்க உதவும்.

மதியிறுக்கம் உடைய பிள்ளைகளின் பயிற்சியிலும் இவ்விவாதம் உண்டு. லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 40 மணித்தியாலப் பயிற்சியினாற் பெரும் முன்னேற்றம் ஏற்பட்டதெனக் கூறியது. பல நாடுகளில் இப்பயிற்சி பரவுவதற்கும் வழிவகுத்தது. அப்பயிற்சிகளின் தொடக்ககால வடிவங்களிற் கண்டிப்பான தண்டனைகளும் இடம்பெற்றிருந்தன. அவ்வகைப் பயிற்சி பெற்று வளர்ந்தோருட் சிலர், பிறருக்குச் சங்கடந் தராத தோற்றமே தம்மிடம் எதிர்பார்க்கப்பட்டது என்றும் தமது தேவைகள் கேட்கப்படவில்லை என்றும் பின்னாளிற் கூறலாயினர். 1968இன் கட்டுரை சொன்ன சமூக முக்கியத்துவத்தை யார் தீர்மானிப்பது என்ற வினா இங்கு மீண்டும் எழுகிறது.

நடத்தையியலை முற்றாக நிராகரிப்பது எமது நோக்கமன்று. செயலின் காரணத்தை ஆன்மாவிலோ பிறப்பிலோ கர்மவினையிலோ தேடாது சூழலில் தேடியமை அதன் பெருஞ்சாதனை. இழிபிறப்பென்றும் மந்தபுத்தியென்றும் முத்திரை குத்தப்பட்ட பிள்ளையைப் பொறுத்தவரை, கற்பிக்கும் சூழலை மாற்றினாற் பிள்ளை கற்கும் எனும் கூற்று விடுதலைக் குரலேயாகும். ஆனால் மனிதர் சூழலின் விளைவு என்று கூறும் பொருள்முதல்வாதம், சூழலை மாற்றுவோரும் மனிதரே என்பதையும், கற்பிப்போரும் கற்பிக்கப்பட வேண்டியவரே என்பதையும் மறந்துவிடலாகாது என 1845இற் போயர்பாக் பற்றிய குறிப்புகளில் மார்க்ஸ் சுட்டினார். இல்லையேல் சமுதாயம் ஆட்டுவோர், ஆடுவோர் என இரண்டாகப் பிளவுறும். ஸ்கின்னரின் புறாக்கூண்டு அப்பிளவின் துல்லியமான மாதிரி.

ஆகவே எமது வகுப்பறைகளில் இச்சொற்களைக் கற்பிக்கும்போது மூன்று வினாக்களையும் உடன்கற்பித்தல் வேண்டும். பின்விளைவு யார் கையில் உள்ளது? அதற்கு வலிமை தரும் இல்லாமை எவ்வாறு உண்டாயிற்று? நடத்தை மாறுவதாற் பயனடைவோர் யார்? வரவுக்கு நட்சத்திரம் ஒட்டும் அட்டையைச் சுவரில் மாட்டும் ஆசிரியருக்கு இவ்வினாக்கள் தடையல்ல, துணையே. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கும், குருக்கள்மடத்திலிருந்து அம்பிளாந்துறைக்கும் துறை கடந்து வாழ்ந்த மக்களுக்குப் பள்ளி வரவு என்பது விருப்பத்தை மட்டும் பொறுத்த விடயமாக இருந்ததில்லை. 2014இல் மண்முனையிற் பாலம் திறக்கப்பட்டபோது இரு கரைகளுக்கும் இடையிலான முன்னிகழ்வு ஒன்று மாற்றப்பட்டது. அதற்காக எந்தப் பிள்ளையின் நடத்தையையும் எவரும் திருத்த வேண்டியிருக்கவில்லை. நட்சத்திர அட்டைக்கு முன்னர் துறையையும் தோணியையும் காலை உணவையும் விசாரிக்கும் ஆசிரியரே இத்துறையின் மூலச் சொற்களை முழுமையாகக் கற்றவர் ஆவார்.